நிலவியல் படிக்கலாமா? பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி



பிளஸ் டூ தேர்வு முடிவு வருகிற வாரத்தில் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் கூட்டம் கூடிவிடும். வருகிற பெற்றோர் கேட்பது பெரும்பாலும் மூன்று படிப்புகளைத்தான்: பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ், நர்சிங். இவை நல்ல படிப்புகள்தாம். ஆனால் நம் காலடியில் இருக்கும் மண்ணையும் கல்லையும் தண்ணீரையும் பற்றிப் படிக்க ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது என்று சொன்னால், "கல்லைப் படிச்சு என்னத்தா செய்யப் போறான்?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முறையாகப் பதில் சொல்லவே இந்த மாதக் கல்விப் பகுதியை ஒதுக்கியிருக்கிறோம்.

எழுநூறு அடி கற்றுக்கொடுத்த பாடம்

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன்பு, தண்ணீர்க் கஷ்டம் அதிகமாக இருந்த ஒரு தெருவுக்கு ஸதகா நிதியிலிருந்து ஆழ்குழாய்க் கிணறு போட முடிவு செய்தோம். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வந்தோம். அவர் நின்ற இடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. அதே இடத்தில் போர்வண்டியை நிறுத்தினோம். நூறு, இருநூறு, நானூறு அடி போனது. வெள்ளைக் கல்மாவுதான் புகையாக வந்தது. "இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்ப்போம்" என்று ஆளுக்கு ஆள் சொல்ல, எழுநூறு அடியில்தான் நிறுத்தினோம். ஒரு குடம் தண்ணீர் கிடைக்கவில்லை. மக்கள் நம்பிக் கொடுத்த அமானிதப் பணம் கல்லுக்குள் போனது.

பிறகு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மாணவர், அப்போது நிலவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவர், தன் ஆசிரியரை அழைத்து வந்தார். அந்த மாணவரின் தாய் பட்டாசு ஆலையில் சரம் பின்னுபவர். ஆசிரியரும் மாணவரும் நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில் தரையில் அடித்தார்கள். வெளியே உள்ள இரண்டு கம்பிகள் வழியாக மின்சாரம் செலுத்தினார்கள். உள்ளே உள்ள இரண்டில் மின்னழுத்தத்தை அளந்தார்கள். வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க, மின்சாரம் இன்னும் ஆழமாக இறங்கியது. இதற்கு மின்தடை ஆய்வு என்று பெயர்.

விரிசல் இல்லாத கெட்டிப் பாறை மின்சாரத்தை எளிதில் விடாது. நீர் நிறைந்த சிதைந்த பாறையும் விரிசலும் விடும். "அப்படியானால் தடை குறைவாக வரும் இடத்தில் தோண்டிவிடலாமே?" என்று கேட்டோம். ஆசிரியர் சிரித்தார். நம் கரிசல் களிமண்ணும் தடையைக் குறைத்துக் காட்டும், உப்புத் தண்ணீரும் குறைத்துக் காட்டும், எது எதனால் குறைகிறது என்று பிரித்தறியத்தான் படிப்பு வேண்டும் என்றார். கண்மாய்க் கரைக்குப் பக்கத்தில் இடம் குறித்துக் கொடுத்தார். இருநூறு அடிக்குள் ஒன்றரை இஞ்ச் தண்ணீர் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். "தண்ணீர் நிச்சயம் வரும் என்று எந்த நிலவியலாளரும் சத்தியம் செய்ய மாட்டார். தோற்கும் வாய்ப்பைக் குறைப்பதுதான் எங்கள் வேலை" என்று அவர் சொன்னதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

ஏன் எழுநூறு அடி தோற்றது? நம் மாவட்டத்தின் பெரும்பகுதி பழமையான கெட்டிப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆற்று மணலில் இருப்பதுபோல் இந்தப் பாறைக்குள் நீர் பரவி நிற்பதில்லை. மேலே சிதைந்த பகுதியிலும், அதன் கீழே உள்ள விரிசல்களிலும் மட்டுமே நிற்கும். ஆழம் போகப்போக விரிசல்கள் பொதுவாகக் குறையும். ஆகவே "இன்னும் இறக்கினால் வரும்" என்பது எல்லா இடத்திலும் உண்மையல்ல. அன்று எங்களுக்கு இது தெரிந்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

நிலவியல் என்றால் என்ன?

பூமி எதனால் ஆனது, அது எப்படி மாறுகிறது, அதற்குள் கனிமமும் நீரும் எண்ணெயும் எங்கே எப்படிச் சேர்ந்தன என்று ஆராயும் அறிவியலே நிலவியல். பூகோளம் வேறு, இது வேறு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் இதில் கலந்து வரும்.

இது நமக்கு அந்நியமான துறையும் அல்ல. மலைகள் எப்படி நாட்டப்பட்டன, பூமி எப்படி விரிக்கப்பட்டது என்று சிந்தித்துப் பார்க்குமாறு திருக்குர்ஆன் அழைக்கிறது. அப்படிச் சிந்தித்தவர்களில் ஒருவர் அல்பீரூனி. சுமார் 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், மலையடிவாரத்தில் உருண்டை கற்கள் பெரிதாகவும், தூரம் செல்லச் செல்லச் சிறிதாகவும், கடைசியில் மணலாகவும் இருப்பதை அவர் கவனித்தார். வட இந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் தூர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். மலைகளும் கற்களும் உருவாகும் விதம் பற்றி இப்னு ஸீனாவும் எழுதியிருக்கிறார். நம் முன்னோர் நடந்த பாதையைத்தான் நம் பிள்ளைகளிடம் காட்டுகிறோம்.

நம் மாவட்டமே ஒரு பாடப்புத்தகம்

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலையில் அருப்புக்கோட்டை தாண்டினால் பந்தல்குடி. அங்கு கிடைக்கும் சுண்ணாம்புக்கல், கடற்கரையில் சிப்பி சேர்ந்து உண்டான சாதாரணச் சுண்ணாம்புக்கல் அல்ல. பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து படிகமாக மாறிய உருமாறிய பாறை. 1960களின் தொடக்கத்தில் துலுக்கபட்டி அருகே ஆர்.ஆர். நகரில் சிமெண்ட் ஆலை வந்ததற்கு இந்தக் கல்தான் காரணம்.

குவாரிகளில் உடைபடும் கருங்கற்களில் ஒருவகை சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லாக இருந்த பாறையை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893இல் அந்த வகைக்கு அவர் பெயரைச் சூட்டினார். அந்தப் பாறை வகையின் மூல இடம் நம் சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதி. அங்கு அது தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

ராஜபாளையம் பகுதிப் பாறைகளில், 900 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் மட்டுமே உருவாகும் கனிமச் சேர்க்கைகளை ஆய்வாளர்கள் கண்டுபிடித்து உலக ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். மலைத்தொடர்கள் உருவானபோது பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த பாறைகள் அவை. மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போனபின் இன்று நம் காலடியில் கிடக்கின்றன. அந்தக் கல்லில் நம் பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். அதைப் படிக்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள்.

பட்டாசின் நிறமும் பாறையிலிருந்துதான்

சிவகாசி வட்டாரத்தில் வாழ்கிற நமக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு இல்லை. மத்தாப்பின் பச்சை நிறம் பேரியத்தால் வருவது. பேரியம் பேரைட் என்ற கனிமத்திலிருந்து கிடைக்கிறது. உலகின் மிகப் பெரிய பேரைட் படிவுகளில் ஒன்று ஆந்திராவின் கடப்பைப் பக்கம் மங்கம்பேட்டையில் இருக்கிறது. சிவப்பு நிறம் ஸ்ட்ரான்சியத்தால் வருவது. அதன் முக்கியக் கனிமமான செலஸ்டைட், திருச்சிப் பகுதியின் பழங்காலக் கடல் களிமண் படிவுகளில் காணப்படுகிறது. வெள்ளை ஒளி தரும் அலுமினியத்தின் தாது பாக்சைட். அது சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் உண்டு.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளை மட்டுமே அனுமதித்தது. பேரியம் உப்புகளுக்குத் தடை வந்தது, 2021இல் அந்தத் தடை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. அந்த நாட்களில் எத்தனை வீடுகளில் வேலை குறைந்தது என்று நமக்குத் தெரியும். ஒரு கனிமம் நின்றால் ஒரு வட்டாரமே தடுமாறுகிறது. அப்படியிருந்தும் அந்தக் கனிமத்தைப் பற்றிப் படித்தவர் நம்மிடையே மிகச் சிலர். தலைமுறை தலைமுறையாக மருந்தைக் கையால் தொடுகிறோம், அது எங்கிருந்து வருகிறது என்று படிக்கவில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேரைப் பறிகொடுத்ததையும், 2024 மே 1 அன்று காரியாபட்டி வட்டம் ஆவியூர் அருகே கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் இறந்ததையும் நாம் மறக்கவில்லை. உழைத்துச் சாப்பிடுவதில் எந்தக் கேவலமும் இல்லை. ஆனால் அத்தாவும் அம்மாவும் பார்க்கிற அதே ஆபத்தான வேலைக்குப் பிள்ளையும் போகத்தான் வேண்டும் என்பது விதியல்ல. வேறு கதவும் திறந்திருக்கிறது என்று காட்டுவது நம் கடமை.

மூன்று ஆண்டுகளில் என்ன படிப்பார்கள்?

முதலாம் ஆண்டில் பூமியின் அமைப்பு, நிலநடுக்கம், எரிமலை, ஆறும் காற்றும் நிலத்தைச் செதுக்கும் விதம், படிகங்கள், கனிமங்கள் பற்றிப் படிப்பார்கள். ஆய்வகத்தில் கனிமத்தின் நிறம், கடினம், எடை, உடையும் விதம் ஆகியவற்றைப் பார்த்து அடையாளம் காணப் பழகுவார்கள்.

இரண்டாம் ஆண்டில் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை, புதைபடிவங்கள், பாறை மடிப்புகள், பிளவுகள் வரும். ஒரு கல்லை 0.03 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், கன்னங்கரேலென்ற கல்லுக்குள் வண்ணக் கண்ணாடிபோல் நிறங்கள் தெரியும். "அதைப் பார்த்த அன்றுதான் இந்தப் படிப்பு எனக்குப் பிடித்தது" என்று நம் மாணவர் சொன்னார்.

மூன்றாம் ஆண்டில் இந்திய நிலவியல், பொருளாதாரக் கனிமங்கள், நிலத்தடி நீர், சுரங்கவியல், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வரைபடம் தயாரித்தல் ஆகியவை வரும்.

இவற்றோடு களப்பயணம் உண்டு. கையில் சுத்தியல், திசைகாட்டி, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ், குறிப்பேடு. பாறையடுக்கு எந்தத் திசையில் எத்தனை டிகிரி சாய்கிறது என்று அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்தைப் பார்க்கவும் கூட்டிச் செல்வார்கள். 1940இல் அதை அடையாளம் கண்டவர் தஞ்சை மண்ணில் பிறந்த எம்.எஸ். கிருஷ்ணன். 1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநரான முதல் இந்தியர் அவரே.

எங்கே படிக்கலாம்?

1. தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி. நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு வசதியான தூரம்.
2. காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரி.
3. திருச்சி தேசியக் கல்லூரி.
4. சேலம் அரசு கலைக் கல்லூரி.
5. சென்னை மாநிலக் கல்லூரி.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் புவி அறிவியல் துறைகள் இருக்கின்றன. ஜே.இ.இ. எழுதுபவர்கள் ஐ.ஐ.டி. கரக்பூரையும் தன்பாத் ஐ.ஐ.டி.யையும் பார்க்கலாம். பிளஸ் டூவில் என்ன பாடம் படித்திருக்க வேண்டும், எத்தனை இடம், என்ன கட்டணம் என்பவை கல்லூரிக்குக் கல்லூரி, ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தபின்பே விண்ணப்பியுங்கள். அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் இணையவழிதான். கடைசித் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

வேலை கிடைக்குமா?

மூன்று வருடம் முடித்தவுடன் பெரிய சம்பளம் என்று ஆசை காட்ட மாட்டோம். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் ஆழ்குழாய்க் கிணறு ஆய்வு, குவாரி, வரைபட நிறுவனம் போன்ற சிறு வேலைகள்தான் கிடைக்கும். நல்ல வேலைகளின் வாசல் எம்.எஸ்சி.க்குப் பிறகே திறக்கிறது. ஆகவே ஐந்து வருடத் திட்டத்தோடு சேருங்கள்.

ஜாம் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்கலாம். அதன்பின் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு வழியாக இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்திலும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் சேரலாம். டி.என்.பி.எஸ்.சி. மூலம் மாநில அரசில் உதவி நிலவியலாளர் ஆகலாம். ஓ.என்.ஜி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்கும் முயலலாம். சிமெண்ட், சுரங்க நிறுவனங்களுக்கும் நிலவியலாளர் தேவை. 2017ஆம் ஆண்டு கனிமப் பாதுகாப்பு விதிகளும் சுரங்கங்களில் தகுதியுள்ள நிலவியலாளரை அமர்த்தச் சொல்கின்றன.

வளைகுடாவுக்கு நம் பிள்ளைகள் போகாத வருடம் இல்லை. எண்ணெய்க் கிணற்றிலிருந்து வரும் பாறைத் துகள்களை ஆராய்ந்து, துளை எந்த அடுக்கில் இறங்குகிறது என்று சொல்வதும் நிலவியலாளர் வேலைதான். அதே நாட்டுக்கு அதே விமானத்தில், வேறு தகுதியோடு போகலாம்.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

*பெண்பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்பலாமா?* அனுப்பலாம். களப்பயணம் ஆசிரியர்களோடு குழுவாகத்தான் நடக்கும். பெண் ஆசிரியர் உடன் வருகிறாரா, தங்குமிடம் எது என்று கல்லூரியில் முன்கூட்டியே கேளுங்கள். அது உங்கள் உரிமை. களப்பணியைவிட ஆய்வகமும் வரைபடமும் விரும்பும் பெண்களுக்கும் இதில் இடமுண்டு. 1983இல் புறப்பட்ட இந்தியக் குழுவோடு அண்டார்டிகாவுக்குச் சென்ற முதல் இந்தியப் பெண்கள் இருவரில் ஒருவரான சுதீப்தா சென்குப்தா ஒரு நிலவியலாளர்.

*தொழுகை, ஹிஜாப் தடைபடுமா?* தடைபட வேண்டியதில்லை. பயணத்தில் உள்ள தொழுகைச் சலுகைகளைப் புறப்படும் முன் நம் இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கல்மேட்டில் ஏற உறுதியான ஷூ அவசியம், அதற்குமேல் உடையில் சிக்கல் இல்லை.

*பூமிக்கு 454 கோடி ஆண்டு வயது என்று படிப்பது ஈமானுக்கு இடைஞ்சல் ஆகாதா?* பூமிக்கு இத்தனை வயது என்று திருக்குர்ஆன் எண் குறிப்பிடவில்லை. பாறையில் உள்ள கதிரியக்கத் தனிமங்கள் சிதையும் வேகத்தைக் கணக்கிட்டு இந்த வயதைச் சொல்கிறார்கள். படைப்பின் பழமையை அறியும்போது படைத்தவனின் ஆற்றல் இன்னும் தெளிவாகவே தெரிகிறது.

*செலவுக்கு என்ன செய்வது?* 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு மாநில அளவில் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. சாதிச் சான்றிதழை முன்பே வாங்கி வையுங்கள். மத்திய அரசுக் கல்லூரிகளுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். மாநிலச் சான்றிதழ் அங்கே செல்லாது. தகுதியுள்ள பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதற்கான சான்று முக்கியம்.

சேரும் முன் ஒரு வார வீட்டுப்பாடம்

இந்தப் படிப்பு பிள்ளைக்குப் பிடிக்குமா என்று காசு செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம்.

1. வைப்பாற்று மணலை ஒரு கைப்பிடி எடுத்துக் காந்தத்தை அதில் ஓட்டுங்கள். ஒட்டும் கருந்துகள் பெரும்பாலும் மேக்னடைட். மிச்ச மணலில் எத்தனை நிறங்கள் என்று எண்ணுங்கள்.
2. வெள்ளைக் கல் ஒன்றைத் துளி பொடித்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல் வகை. நுரைக்காமல் கண்ணாடியைக் கீறினால் குவார்ட்ஸ் ஆக இருக்கலாம்.
3. கோடையில் கரிசல் வெடிப்பின் ஆழத்தைக் குச்சிவிட்டு அளந்து எழுதுங்கள். மழைக்குப் பின் அதே இடத்தைப் பாருங்கள். நீரைக் குடித்து வீங்கி, காய்ந்தால் சுருங்கும் களிமண் கனிமமே காரணம்.
4. உங்கள் தெருவில் உள்ள பத்து ஆழ்குழாய்க் கிணறுகளின் ஆழத்தையும், தண்ணீர் வந்த அடியையும் கேட்டு ஒரு தாளில் வரைபடமாகக் குறியுங்கள்.
5. இவற்றைச் செய்யும்போது அலுப்பாக இருந்ததா, அடுத்த கேள்வி தோன்றியதா? அடுத்த கேள்வி தோன்றியிருந்தால் இந்தப் படிப்பு உங்களுக்கானது.

குவாரிப் பள்ளத்துக்குள் மட்டும் தனியாக இறங்க வேண்டாம். அங்கே விளிம்பும் தண்ணீரும் ஆபத்தானவை.

முடிவாக

தோற்றுப்போன அந்த எழுநூறு அடிக் குழாயை நாங்கள் மூடிவிடவில்லை. அந்த மாணவரின் யோசனைப்படி, சுற்றிலும் ஜல்லியும் மணலும் இட்டு வடிகட்டும் தொட்டி கட்டி, பள்ளிவாசல் மாடியில் விழும் மழைநீரை அதன் வழியே உள்ளே இறக்குகிறோம். குழந்தைகள் தவறி விழாதபடி மேலே இரும்பு மூடி போட்டுப் பூட்டியிருக்கிறோம். பாறை அந்த நீரை எவ்வளவு ஏற்கும் என்பதை வருடா வருடம் அளந்து வருகிறார். அந்த மாணவர் இப்போது எம்.எஸ்சி. படிக்கிறார். அவருடைய தாய் இன்னும் சரம் பின்னுகிறார். "இன்னும் ரெண்டு வருஷம்தான், இன்ஷா அல்லாஹ்" என்கிறார்.

நிலவியல் படிக்க விரும்பும் மாணவ மாணவியர் மதிப்பெண் பட்டியல், சாதி, வருமானச் சான்றிதழ் நகல்களுடன் இஷாத் தொழுகைக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். விண்ணப்பம் நிரப்ப உதவுகிறோம். தேவையுள்ளவர்களுக்கு முதலாண்டுக் கட்டணத்துக்கும் களப்பயணச் செலவுக்கும் கல்வி நிதியிலிருந்து ஆவன செய்வோம். வசதி படைத்த சகோதரர்கள் ஒரு பிள்ளையின் ஐந்து வருடப் படிப்பை ஏற்றுக்கொள்ள முன்வந்தால், அது கிணறு வெட்டிக் கொடுப்பதற்கு நிகரான, தொடர்ந்து நன்மை தரும் தர்மமாக இருக்கும்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.